மிளகு வடையும் மலை உயிரின வாரியமும்

புக்கிட் பாயாங்கை யாரும் குன்று என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மலை உயிரின வாரியத்துக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். அது மலை. வாசலிலேயே நான்கு மொழிகளில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த அரசாங்க வீவக அடுக்குமாடிகள் சில அதைவிட உயரம். போனில் பேச ஆரம்பித்து உச்சிக்குப் போகிறவர்கள் அதே பேச்சில் இறங்கியும் விடுகிறார்கள். இருந்தாலும் மலை. குன்றுக்குத் தனி வாரியம் கேட்டால் சிரிப்பார்கள். மலைக்குக் கேட்டால் கட்டடம் கொடுப்பார்கள், இயக்குநர் கொடுப்பார்கள், இயக்குநர் கார் நிறுத்த இடமும் கொடுப்பார்கள். அந்த இடத்துக்காக மலையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. கொஞ்சம்தான், என்று அதற்கும் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.

நான் முகம்மது யூசுப். ஜாலான் புசாரில் பூட்டு, கீல், ஆணி, துளை போடும் மெஷின் விற்கிறவன். எனக்கும் காட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எல்லாம் என் பள்ளிக்கூடத்துத் தோழன் ஜெயரத்தினத்தால் வந்த வினை.

ஜெயரத்தினத்தின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். அப்பாவும் கிளார்க். இவன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்பது அந்த வீட்டில் தேவாரத்துக்கு அடுத்தபடி. சாலையில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சிக்னலில் பச்சை மனிதன் வரும்வரை நிற்பான். மழை கொட்டினாலும் நிற்பான். கூடவே நின்று நனைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவனைச் சட்டத்தை மீற வைத்தது ஏழரைச் சனி.

பட்டறையில் ஆள் குறைக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அவன் மனைவி யோகத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மாடியில், தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிய ஜோசியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கட்டத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "படத்துக்கு வடை மாலை சாத்துனா பத்தாது. சனிக்கிழமை சனிக்கிழமை உயிரோட இருக்கிற வானரத்துக்கு உங்க கையால மிளகு வடை குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவர் ஊரில் கோயில் மதிலை அண்ணாந்து பார்த்தால் வானரம். இங்கே வானரத்துக்கு வாரியம் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

புக்கிட் பாயாங் அடிவாரத்தில், குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர் என்ற பலகைக்கு நேர் எதிரே என் வேனை நிறுத்தினேன். ஜெயரத்தினம் பலகையை இரண்டு தரம் படித்தான். நான்கு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"உணவுன்னுதான் போட்டிருக்கு யூசுப். இது சாமிக்குப் படைச்சது. இது உணவு இல்ல, பிரசாதம்."

"அடேயப்பா! இத ஒரு வக்கீல்கூட யோசிச்சிருக்க மாட்டான்."

"நீ சும்மா இரு லா."

மரத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரங்கு இறங்கி வந்தது. எந்தச் சண்டையில் போனதோ, வாலில் பாதி இல்லை. நான் அதற்கு அரைவால் என்று பெயர் வைத்தேன். ஜெயரத்தினத்துக்கு அது பெரியவர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், டின்னைத் திறந்தான், இரண்டு கையாலும் வடையை நீட்டினான்.

"வாங்க. சாப்பிடுங்க. சூடா இருக்கு, பாத்து."

"ஏன்டா, உன் மாமனாருக்குக்கூட நீ இவ்வளவு மரியாதை குடுத்து நான் பாத்ததில்லையே."

"யாருக்குக் குடுக்குறோம்னு நமக்குத் தெரியாது யூசுப்."

அரைவால் பறிக்கவில்லை. மெதுவாக வந்து, அவன் கையிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது. மிளகு காரத்துக்கு ஒரு தும்மல் போட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு சனிக்கிழமை டெலிவரியை அந்தப் பக்கமாகவே வைத்துக்கொண்டேன். ஜெயரத்தினம் அதனிடம் பட்டறை விஷயம், யோகத்தின் கால் விஷயம் எல்லாம் சொல்வான். அது வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்கும். ஆள் குறைப்பில் இவன் பெயர் வரவில்லை. யோகம் கைப்பிடியைப் பிடிக்காமல் பேருந்தில் ஏறினாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் வடை எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னது நான்தான்.

மரத்தில் இருந்தது குரங்கு மட்டுமில்லை, கேமராவும்தான். வாரியத்தின் மனித–வானர நல்லுறவுப் பிரிவிலிருந்து சிவதர்ஷினி என்ற பெண் ஜெயரத்தினத்தைப் போனில் கூப்பிட்டாள். முதல் தவறு என்பதால் வழக்கு இல்லை, திருந்துவோர் பயிலரங்குக்கு வந்தால் போதும் என்றாள். ஜெயரத்தினம் டை கட்டிக்கொண்டு போனான். வேன் ஓட்டியவன் உடந்தை என்று என்னையும் உட்கார வைத்தார்கள்.

பயிலரங்கு அறையின் சுவர் முழுக்க ஒரு பனிச்சிறுத்தை படம். வாரியத்தின் சின்னமாம். பெயர் பாயு. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, இந்த மலையில பனி எங்கம்மா இருக்கு?"

சிவதர்ஷினி குரலைத் தாழ்த்தினாள். சின்னப் பெண், முகத்தில் தூக்கம் போதாத களைப்பு. "கன்சல்டன்ட் சுவிட்சர்லாந்துலேர்ந்து வந்தாங்க அங்கிள். அவங்ககிட்ட ரெடியா இருந்த டிசைன் அது."

அது இயக்குநர் காதில் விழுந்துவிட்டது. இயக்குநர் சுஜீந்திரன் தமிழ்மொழி மாத விழாப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கி வளர்ந்தவர். மேடை இல்லாத இடத்திலும் மேடையில்தான் நிற்பார்.

"பருவநிலை மாற்றத்தின் காரணமாக, இம்மலையில் தற்போது பனி இல்லை" என்றார்.

அவர் தொடங்கினார்.

"அன்பர்களே! குரங்கு நமது நண்பர். ஆகவே அவரை நெருங்காதீர்கள். குரங்கு நமது பாரம்பரியச் செல்வம். ஆகவே அதை நிமிர்ந்து பார்க்காதீர்கள். பார்க்க நேர்ந்துவிட்டால், பார்க்காதவர்போல் பாருங்கள். இம்மலையில் மனிதரும் விலங்கும் ஒன்றாக வாழ வேண்டும், ஒருவரையொருவர் சந்திக்காமல் வாழ வேண்டும். அதுவே எங்கள் தொலைநோக்கு."

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அடுத்து நடிப்புப் பயிற்சி. பிளாஸ்டிக் பையோடு நடந்து வரும் பொதுமக்களாக என்னை நிறுத்தினார்கள். குரங்காக ஜெயரத்தினம். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவன் குந்தி உட்கார்ந்தான், மெதுவாக நகர்ந்து வந்தான், கையை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். அச்சு அசலாக அரைவால். எனக்கு என்னவோ போலாகிவிட்டது, பையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

"தவறு! குரங்கு அவ்வாறு காத்திருக்காது. பாய்ந்து பறிக்கும்" என்றார் சுஜீந்திரன்.

"சார் குரங்கைக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நான் கொள்கைப் பிரிவு" என்றார் அவர்.

கடைசியில் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். வெளியே வரும்போது ஜெயரத்தினத்தின் கண் கலங்கியிருந்தது. "அவங்க சொல்றது சரிதான் யூசுப். கேமரா வச்சு, ரூம் போட்டுச் சொல்றாங்கன்னா காரணம் இல்லாமலா?" அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. யோகம் வடையைப் படத்துக்கு மட்டும் சாத்தினாள். ஜெயரத்தினம் கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அதற்குள் வாரியம் மூங்கில் தட்டும் படை ஒன்றை வேலைக்கு எடுத்திருந்தது. குரங்கைக் கண்டால் தரையில் மூங்கிலைத் தட்டி உள்ளே விரட்ட வேண்டும். திட்டம் அபார வெற்றி. பாதையில் ஒரு குரங்கு இல்லை. மகிழ்ச்சியில் வாரியம், பெரிய செலவில், மரமும் கண்ணாடியுமாக ஒரு வானரக் காட்சி மேடை கட்டியது. உலக மலைக் காப்பகங்களின் சங்கத்திலிருந்து ஆட்கள் அதன் திறப்பு விழாவுக்கு வந்து மதிப்பெண் போடுவார்கள், தேறினால் உலகத்தர மலை என்ற பட்டம். எல்லாம் தயாரான பிறகுதான் மேடையில் நின்றால் பார்ப்பதற்குக் குரங்கு இல்லை என்பது யாருக்கோ உறைத்தது.

சுஜீந்திரன் சிவதர்ஷினியோடு பிடோக்கில் ஜெயரத்தினம் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன்.

"திரு ஜெயரத்தினம், நாட்டுக்கு உங்கள் உதவி தேவை. அந்தக் குரங்கு உங்கள் குரலுக்கு வரும் என்பது எங்கள் கேமராப் பதிவுகளில் தெளிவாக இருக்கிறது."

"சார், நான் உறுதிமொழி எடுத்திருக்கேன்" என்றான் இவன், எழுந்து நின்று.

"உணவு கொடுப்பது குற்றம். அதில் மாற்றமில்லை. நீங்கள் உணவு கொடுக்கப் போவதில்லை. நடத்தைத் தூண்டற்பொருள் வழங்கப் போகிறீர்கள்."

தேத்தண்ணி கொண்டு வந்த யோகம் தட்டோடு நின்றாள். "அது வடைதானே சார்?"

"வடிவத்தில் வடை, அம்மா. நோக்கத்தில் அல்ல."

நான் ஜெயரத்தினத்தைப் பார்த்தேன். பிரசாத வக்கீல் கைகட்டி நின்றான். தன்னைவிடப் பெரிய வக்கீலைக் கண்ட மரியாதை அது.

மாதிரி வடை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, மிளகு கூடாது, நடுவில் ஓட்டை இருந்தால் குரங்கின் விரல் சிக்கலாம் என்று முடிவு வந்தது. சிவதர்ஷினி அதைப் போனில் படித்துக் காட்டினாள். யோகம் பொறுமையாகக் கேட்டாள்.

"எண்ணெய் இல்ல, உப்பு இல்ல, மிளகு இல்ல, ஓட்டையும் இல்ல. அத உங்க டைரக்டரையே சாப்பிடச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல உளுந்தை ஊறப் போட்டாள்.

விழாவன்று பந்தல், பூங்கொத்து, கறிபஃப், வெள்ளைக்கார விருந்தினர்கள். பனிச்சிறுத்தை வேஷம் போட்ட ஒருவன் வெயிலில் வியர்த்து வழிந்தபடி எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தான். ஜெயரத்தினம் மேடையின் ஓரத்தில், வாரியத்தின் முத்திரை போட்ட பெட்டியில் யோகத்தின் வடையோடு நின்றான். எங்கே போயிருந்ததோ அரைவால், இவன் "வாங்க" என்று ஒரு தரம்தான் சொன்னான், மரத்துக்கு மரம் தாவி வந்துவிட்டது. கண்ணாடிக் கைப்பிடியில் உட்கார்ந்து இவன் முகத்தை உற்றுப் பார்த்தது. இத்தனை நாள் எங்கேடா போனாய் என்று கேட்கிற பார்வை அது. என்னைக் கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

"காண்பீர்! மனிதரின் தலையீடு சற்றும் இல்லாத இயற்கையின் தன்னிச்சையான வருகை!" என்று முழங்கினார் சுஜீந்திரன். கைதட்டல் எழுந்தது. பனிச்சிறுத்தைக்கும் உற்சாகம் வந்து, ஓடி வந்து குரங்குக்குப் பின்னால் குதித்தது.

திரும்பிப் பார்த்தால் வெள்ளையாக, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு பூதம். எந்தக் குரங்குதான் பயப்படாது? அரைவால் பாய்ந்த பாய்ச்சலில் சுஜீந்திரனின் தோளில் விழுந்து, கழுத்தில் நகம் பட்டு, அங்கிருந்து தாவி மரத்துக்குப் போனது. கழுத்தில் ஒரு கீறல். என் கடைக்கு வருகிறவர்கள் தகரம் வாங்கும்போதே அதைவிடப் பெரிதாகக் கீறிக்கொள்வார்கள். விருந்தினர்கள் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று எண்ணி எழுந்து நின்று தட்டினார்கள். பட்டம் கிடைத்துவிட்டது.

இயக்குநரின் கழுத்துக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். குரங்குக்குக் கமிட்டி போட்டார்கள்.

சிவதர்ஷினி என் கடைக்கே வந்தாள். ஜெயரத்தினமும் அங்கேதான் இருந்தான். அவள் ஒரு கீலை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே பேசினாள்.

"அங்கிள், சனிக்கிழமை காலையில வர முடியுமா? ஒரு கூண்டு வைப்பாங்க. வேற யார் கூப்பிட்டாலும் அது வராது. நீங்க கூப்பிட்டு உள்ள வரவச்சா போதும். இடமாற்றம் பண்ணப் போறாங்க."

ஜெயரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "நல்லதும்மா! இங்க மூங்கில் தட்டுறாங்க, அவருக்கு நிம்மதியே இல்ல. எந்த மலைக்கு?"

அவள் கையில் கீல் மட்டும் திறந்து மூடியது.

"ஏம்மா, இந்த ஊர்ல இன்னொரு மலை எங்கம்மா இருக்கு?" என்றேன்.

"பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க அங்கிள்." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஊசி போட்டுருவாங்க. வலிக்காதாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, நான் இன்னும் ப்ரொபேஷன்லதான் இருக்கேன்."

ஜெயரத்தினம் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "தப்பா எங்கயோ எழுதிட்டாங்க. நேர்ல போய்ச் சொன்னா திருத்திடுவாங்க" என்றான். அவன் நம்பிக்கையைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பாவி, அப்போதும் அரசாங்கத்தின்மேல் கோபம் வரவில்லை அவனுக்கு.

சுஜீந்திரன் எங்களை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, அன்பாகவே பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"திரு ஜெயரத்தினம், எனக்கு அந்த ஜீவன்மேல் கோபமே இல்லை. கீறல் ஆறிவிட்டது. ஆனால் அது நட்பாக இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. மனிதரை நம்புகிற விலங்கு ஆபத்தான விலங்கு. யாரோ அதை அப்படிப் பழக்கிவிட்டார்கள்."

"நான்தான் சார் பழக்கினேன். அப்புறம் நீங்கதான் கூப்பிடச் சொன்னீங்க."

"தூண்டற்பொருளை அறிக்கையில் குறிப்பிடவில்லை. ஆகவே அது நடக்கவில்லை." அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "எங்கள் விதி மிகத் தெளிவானது. மனிதரைக் கண்டு ஓடுகிற குரங்கு ஆரோக்கியமான குரங்கு. அதை நாங்கள் தொடவே மாட்டோம். வருகிற குரங்கைத்தான் அகற்ற வேண்டியிருக்கிறது."

ஜெயரத்தினம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"ஓடுனா விட்டுருவீங்களா சார்?"

"விதி அப்படித்தான் சொல்கிறது."

"சரி சார். சனிக்கிழமை நானே வந்து கூப்பிடுறேன்."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டேய், உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? அதக் கொல்றதுக்கு நீயே கூப்பிடப் போறியா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை மனிதனுக்காகக் காத்து நின்றான். "வேன மட்டும் கொண்டு வந்துடு யூசுப்" என்றான்.

சனிக்கிழமை காலை. யோகம் டின் நிறைய வடை சுட்டுக் கொடுத்திருந்தாள். எதற்கு என்று அவளிடம் சொல்லியிருந்தானா, எனக்குத் தெரியாது. அவள் எங்களை வழியனுப்பக் கீழே இறங்கி வரவில்லை.

காட்சி மேடைக்குக் கீழே கூண்டு இருந்தது. குரங்கு பிடிக்கும் வேலையை வாரியத்திடம் எடுத்திருந்த குத்தகைக்காரனும் இரண்டு ஆட்களும் புதருக்குப் பின்னால் நின்றார்கள். சிவதர்ஷினி ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றாள். சுஜீந்திரன் பாதுகாப்பான தூரத்தில், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொண்டிருந்தார்.

ஜெயரத்தினம் அன்று செருப்பைக் கழற்றவில்லை. கூண்டின் பக்கத்தில் போய் நின்று டின்னைத் திறந்தான்.

"வாங்க" என்றான். சத்தமாக இன்னொரு தரம் கூப்பிட்டான்.

அரைவால் வந்தது. ஓடி வரவில்லை, அவசரமில்லாமல், வீட்டு ஆள் வருகிற மாதிரி நடந்து வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கையை நீட்டியது. ஜெயரத்தினம் ஒரு கணம் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓங்கி அதன் முகத்தில் அடித்தான்.

"போடா! போடா நாயே! சனியனே, போடா இங்கேருந்து!"

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் ஐம்பது வருஷத்தில் கேட்டதில்லை. அரைவால் பின்வாங்கியது, ஆனால் ஓடவில்லை. தப்பாக ஏதோ நடந்துவிட்டது, சரியாகிவிடும் என்று நினைத்ததோ என்னவோ, திரும்பவும் ஒரு அடி வைத்து வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஜெயரத்தினம் டின்னோடு வடையை வாரி அடித்தான், மற்றச் செருப்பை வீசினான், கல்லைப் பொறுக்கினான். கல் விலாவில் பட்டது. வீலென்று ஒரு சத்தம். அது மரத்தில் ஏறிப் பல்லைக் காட்டி இவனைப் பார்த்துச் சீறியது. இன்னொரு கல். கிளைகள் ஆடின, போய்விட்டது.

"ஓடிருச்சு சார்!" என்று கத்தினான் ஜெயரத்தினம். வெறுங்காலோடு, மூச்சு வாங்க, அழுதுகொண்டே சிரித்தான். "பாத்தீங்கல்ல? என்னைக் கண்டு ஓடுது! ஆரோக்கியமான குரங்கு சார்!"

சுஜீந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. "திரு ஜெயரத்தினம்! பாதுகாக்கப்பட்ட உயிரினத்தைத் துன்புறுத்திய குற்றம் இது! நாங்கள் இங்கே ஒரு மனிதாபிமானப் பணிக்காகக் கூடியிருக்கிறோம்!" என்றார். உடனே வெளியேறச் சொன்னார். இனி அவன் மலைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. செருப்பை எடுக்கக்கூட விடவில்லை. நான் அவனைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டி வந்தேன்.

வழியெல்லாம் ஒரே கேள்விதான். "விலாவுலயா பட்டுச்சு? எலும்புல படலையே?"

"சதையிலதான் பட்டுச்சு. நான் பாத்தேன்" என்று பொய் சொன்னேன்.

"இனிமே யாரையும் நம்ப மாட்டார்ல?"

"உன் மூஞ்சிய ஜென்மத்துக்கும் மறக்காது."

"அது போதும்" என்றான். அன்று தேக்கா சந்தையில் இறங்கி, வெறுங்காலோடு எனக்கு நுரை பொங்க ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு நினைவு தெரிந்து ஜெயரத்தினத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

அடுத்த வாரம் செய்தியில் சுஜீந்திரன் வந்தார். மேடைக்கு முன்னால், பனிச்சிறுத்தை பக்கத்தில் நிற்க, ஆக்ரோஷமான குரங்கு மனிதாபிமான முறையில் அகற்றப்பட்டது, மலையில் அமைதி திரும்பியது என்றார். ஜெயரத்தினம் பதறியடித்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தான். நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே சிவதர்ஷினி வந்து நின்றாள்.

"அவரப் புடிச்சிட்டாங்களா?" என்றான் ஜெயரத்தினம்.

"இல்ல அங்கிள். அது கூண்டுப் பக்கம் திரும்பி வரவே இல்ல. ஆள பாத்தாலே ஓடுது."

"அப்ப டீவியில சொன்னது?" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள், கடையில் தொங்கிய சங்கிலிகளைப் பார்த்தாள். "ஒரு குரங்குன்னு ஏற்கெனவே மேல எழுதி அனுப்பிட்டாங்க அங்கிள். குத்தகைக்காரருக்கும் ஆர்டர் குடுத்தாச்சு. கூண்ட அப்படியே வச்சிட்டாங்க. சாயங்காலம் ஒண்ணு வந்து மாட்டிக்கிச்சு. ரிப்போர்ட்ல ஒண்ணுன்னுதானே இருக்குன்னு டைரக்டர் சொன்னாரு."

"முழு வாலா?"

"முழு வால். பொம்பளக் குரங்கு. வயித்துல குட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிரிக்க முடியல. குட்டிய ரிப்போர்ட்ல சேக்கல."

நான் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லித் தீர்த்தேன். அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டாள். ஜெயரத்தினம் மட்டும் குறுக்கே ஒரு கேள்வி கேட்டான். ஸ்டோர் கிளார்க்கின் குரலில், சாதாரணமாகத்தான் கேட்டான்.

"கூண்டுக்குள்ள எதுக்காகம்மா போச்சு? மூங்கில் தட்டித் தட்டி அதுங்கல்லாம் கிட்டயே வராதே."

சிவதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தரையெல்லாம் வடை கிடந்துச்சுல்ல அங்கிள். குத்தகைக்காரர் பொறுக்கி உள்ள போட்டுட்டாரு."